ஒரு நகர்த்தலுக்கு இரண்டரை மணித்தியாலம்

அம்பகாமத்துக் காட்டில் எனக்கு ஒதுக்கப்பட்டது
ஒரு மீற்றர் அகலப் பாதை.
இரு கரையும் மஞ்சள் நாடா,
முன்னால் குறுக்கே ஒரு சிவப்புத் தடி.
தடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் என்னவென்று
புதைத்தவனுக்கும் மறந்திருக்கும்.

பகல் முழுக்க முழங்காலில்.
இரவு, தண்ணீர்த்தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்
இரண்டு கோடு சிக்னல் வரும்,
அதோடு அண்ணாவின் குரலும்.
டோர்ட்முண்டில் பொதிக்கிடங்கு வேலை முடிந்து
ட்ராமுக்குக் காத்திருக்கிற நேரத்தில்
நாலு பக்கம் வாசித்துத் தமிழாக்கிப் பதிந்து அனுப்புவான்.
யாரோ குப்பைக்கு வைத்த புத்தகம். அட்டை இல்லை.
கிரைட்னர் என்று ஒருத்தரின் சீவியம்.
தத்துவம் படிப்பித்தார், செஸ் விளையாடினார்,
இரண்டாலும் வாடகை கட்ட முடியவில்லை.

"அப்ப மணிக்கூடு வைச்சு விளையாடிறேல்லையாம்.
இந்தாள் ஒரு குதிரையைப் பாத்துக்கொண்டு
இரண்டரை மணித்தியாலம் இருந்திருக்கு.
எதிராளி நித்திரையாப் போனான்.
எழும்பிப் பாத்தா குதிரை அங்கயே நிக்குது.
கரையில ஒரு சிப்பாயை மட்டும்
ஒரு கட்டம் தள்ளியிருக்கிறார்."

தனியாகச் சிரித்தேன்.
கூடாரத்துக்குள்ளிருந்து நிறைமதி
"ஆரடி அவன்?" என்று கேட்டாள்.
செத்து நூற்றிச் சொச்சம் வருசம் என்றேன்.
"அப்ப பரவாயில்லை" என்று திரும்பிப் படுத்தாள்.

அவருடைய தகப்பன் மணிக்கூடு திருத்துபவர்.
இதை அண்ணா இரண்டுதரம் சொன்னான்.
மகனுக்கு ஐம்பது வயதாகும்போது
போட்டி மேசைகளுக்கு மணிக்கூடு வந்தது.
அந்த வருசம் பதினொரு ஆட்டம், பதினொன்றும் தோல்வி,
ஒன்றில்கூட ராஜாவுக்கு ஆபத்தில்லை.
பிறகு மேசைக்கு வரவில்லை.
அறைக்குள் இருந்து எழுதினார்,
தயக்கத்தைப் பற்றி அறுநூறு பக்கம்.

அதில் ஒரு வரியை அண்ணா மெதுவாகச் சொன்னான்:
கை காய்க்கு மேலே நிற்கும்வரை நீ சுதந்திரமானவன்;
தொட்டால், தொட்டதை ஆடித்தான் தீரவேண்டும்.

அடுத்த நாள் அந்த வரியோடுதான்
மண்ணைச் சுரண்டினேன்.
எனக்குப் பிடித்திருந்தது. கோபமும் வந்தது.
விசுவமடுச் சந்திக்கு முன்னால்
தையல் மெசினை ஏற்றுவதா விதைநெல்லை ஏற்றுவதா என்று
ட்ராக்டர்ப் பெட்டியில் கைவைத்தபடி அப்பா நின்றார்.
எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியாது.
என் கையிலும் மணிக்கூடு இல்லை.
அம்மா தண்ணீர்ப் போத்தலை அணைத்தபடி
"ஏதாவது ஒண்டைத் தொடுங்கோவன்" என்றா.
கடைசியில் இரண்டும் றோட்டில் நின்றன,
நாங்கள் ஏறினோம். ஏறினோம் என்றால்,
மூன்று பேர்.

அந்த அறுநூறு பக்கத்தில்
ட்ராக்டர் இருக்காது என்று நினைக்கிறேன்.
அண்ணாவிடம் கேட்கவில்லை.
அவன் அதற்கு முந்தியே போய்விட்டான்,
அவனுக்கு அந்தச் சந்தி தெரியாது.

நேற்றுக் கடைசி அத்தியாயம்.
ரீகாவில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரோடு
தபாலட்டையில் ஒரு ஆட்டம் நடந்திருக்கிறது.
நாலு வருசத்தில் பத்தொன்பது நகர்த்தல்.
இருபதாவதற்கு அட்டை வந்தபோது
கிரைட்னரை அடக்கம்செய்து இரண்டு நாள்.
வீட்டுக்காரி அதை உப்புச் சாடியில் சாத்தி வைத்துவிட்டு
ஒரு கிழமை அதற்கு முன்னாலேயே சமைத்திருக்கிறாள்.
செஸ் தெரியாத மனுசி.
பிறகு ஒரு அட்டை வாங்கி
அவவே பதில் போட்டா:
ஐயா யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மருந்துக்கடைக்காரர் காத்திருந்தாராம்.
எத்தனை நாளென்று அண்ணா சொல்ல முந்தி
ட்ராம் வந்துவிட்டது.

இண்டைக்கு விடிய மழை தூறி, விட்டது.
பத்தேகாலுக்கு டிடெக்டர் கத்தியது.
ஆணியாக இருக்கலாம், தகரமாக இருக்கலாம்,
சூடை மீன் ரின் மூடியாகக்கூட.
முகக்கண்ணாடியில் என் மூச்சு படிந்து
ஈரமண் மங்கலாகத் தெரிகிறது.
கட்டுப்பாட்டுப் புள்ளியிலிருந்து சுப்பர்வைசர்
ஏன் நிண்டனீர் என்று கேட்கிறார்,
பிறகும் கேட்கிறார்.
ஒரு பழுத்த பாலையிலை
தடியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறது.
என் கை இன்னும் மண்ணைத் தொடவில்லை.